மனைவிக்குத் தெரியாமல் மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஊர். மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு ஓட்டுகிறேன். பிறப்புறுப்பில் வலியில்லாத புண் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்து, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் என்று சொல்லி இடுப்பில் ஊசி போட்டார்கள். மலைக்குக் கீழே ஒரு பெண்ணோடு இரண்டு மாதம் முன்பு பழக்கம் இருந்தது. மனைவி ஐந்து மாத கர்ப்பிணி. அவளுக்குத் தெரியாமல் மாத்திரை ஏதாவது கொடுத்துச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியாது. கர்ப்பிணிக்கு இந்த நோய்க்கான மருந்து மாத்திரை இல்லை, பென்சிலின் ஊசிதான். உங்களுக்குப் போட்ட அதே 24 லட்சம் யூனிட் பென்சாதைன் பென்சிலின். அதைச் சத்து ஊசி என்று சொல்லிப் போடக் கூடாது. அது அவர் உடம்பு, அவர் வயிற்றுப் பிள்ளை.

‘மூன்றாம் மாதமே விடிஆர்எல் (சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்தார்கள், நார்மல்’ என்று நினைக்கலாம். அது அன்றைய நிலவரம். கிருமி உள்ளே போனபின் புண் வரவே 10 முதல் 90 நாள் ஆகும். அதற்குள் எடுக்கும் பரிசோதனை ஒன்றும் காட்டாமல் போகலாம். அதனால்தான் கடந்த 90 நாளுக்குள் உறவு கொண்ட துணைக்கு, ரிசல்ட் நெகட்டிவ் என்றாலும் ஊசி போடச் சொல்கிறோம். விட்டால் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம், நோயோடும் பிறக்கலாம். பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்பாவது ஊசி போட்டிருக்க வேண்டும். ஐந்தாம் மாதம் என்பதால் நேரம் இருக்கிறது, ஆனாலும் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரமாகப் பாருங்கள். குடித்துவிட்டுச் சொல்லாதீர்கள். “எனக்கு ஒரு நோய் வந்திருக்கு. என் தப்பாலதான். உனக்கும் பரவியிருக்கலாம். ஊசி போட்டா சரியாயிடும், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.” முதல் பேச்சுக்கு இவ்வளவு போதும். கழிப்பறையில் ஒட்டிக்கொண்டது என்று பொய் சொல்லாதீர்கள். இந்த நோய் அப்படிப் பரவாது என்று மருத்துவரே அவரிடம் சொல்லிவிடுவார். அழுவார், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பார். அந்தக் கோபம் நியாயமானது. போனாலும் ஊசி போட்டுக்கொண்டு போகட்டும்.

வாய் வரவில்லையா? அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையம் இருக்கிறது. அங்குள்ள ஆலோசகரிடம் முதலில் நீங்கள் பேசுங்கள். இருவரையும் உட்கார வைத்து அவர் விளக்குவார். நம் மலையில் ஓ.பி. வரிசையில் நாலு பேர் நின்றால் ஒருவர் சொந்தக்காரராக இருப்பார். அந்தப் பயம் இருந்தால் ஊட்டிக்கோ கோவைக்கோ போங்கள். அப்படியே நம்பிக்கை மையத்தில் இருவரும் எச்ஐவி பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். எச்ஐவி, பால்வினை நோய் பற்றிய சந்தேகங்களுக்கு 1097 இலவச எண்.

கீழே இருக்கும் அந்தப் பெண்ணையும் விட்டுவிடாதீர்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சண்டை வேண்டாம். அவர் போன் யார் கையில் இருக்குமோ, வாட்ஸ்அப்பில் நோயின் பெயரை எழுதாதீர்கள். “உடம்பு விஷயமா அவசரமா பேசணும்” என்று மட்டும் அனுப்பி, நேரில் அல்லது போனில் சொல்லுங்கள். அவருக்கும் இதே பரிசோதனை, இதே ஊசி.

இருவருக்கும் ஊசி போட்டு 7 நாள் கழிந்து, புண் முழுதாக ஆறும்வரை உறவு வேண்டாம். ஆணுறை மூடாத இடத்திலும் புண் இருக்கலாம். உங்கள் ரத்தத்தை 6, 12 மாதங்களில் மறுபடி பார்க்க வேண்டும்; மனைவிக்கு எப்போது என்று பிரசவம் பார்க்கும் மருத்துவர் சொல்வார். அவரிடமும் இதை மறைக்காதீர்கள், குழந்தை பிறந்ததும் அதற்கும் பரிசோதனை தேவைப்படும்.