புதிய ஜனநாயக நாடுகளின் தேர்தல் முடிவை எதை வைத்து நம்புவது?

வெளிநாட்டுப் பார்வையாளர்கள் "தேர்தல் ஒழுங்காக நடந்தது" என்று சொன்னால் நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மட்டும் போதாது. ஒவ்வொரு சாவடியின் கணக்கும் தாளில் வெளியே வருகிறதா, தப்பு நடந்தால் நீதிமன்றம் தைரியமாகத் தலையிடுகிறதா, இந்த இரண்டையும்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நான் தங்கச்சிமடத்துக்காரன், சாவடி முகவராக உட்கார்ந்திருக்கிறேன். ஓட்டுப்பதிவு முடிந்ததும் மொத்தம் எத்தனை ஓட்டு என்று எழுதிய 17சி படிவத்தின் நகலை எங்கள் கையில் தருவார்கள், எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் மொத்தம் அதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கலாம். கரையில் நண்டையும் கணவாயையும் கண்ணெதிரே எடை போட்டால்தானே மனசு ஒப்பும், அது மாதிரிதான்.

2017ல் கென்யாவில் பார்வையாளர்கள் பலர் ஓட்டுப்பதிவைப் பாராட்டினார்கள். ஆனால் சாவடி முடிவுகளை மேலே அனுப்பியதில் முறைகேடு என்று செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதிபர் தேர்தலையே ரத்து செய்தது. முடிவுகள் பதிவான சர்வரைத் திறந்து காட்டச் சொன்ன நீதிமன்ற உத்தரவுக்குக்கூடத் தேர்தல் ஆணையம் முழுசாக இணங்கவில்லை என்பதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வந்த இடம். அப்புறம் 2022ல் அதே ஆணையம் சாவடி வாரியாக முடிவை எழுதிய 34ஏ படிவங்களை இணையத்தில் போட்டது, யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்க முடிந்தது. அந்த முறையும் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் முடிவை உறுதி செய்தது.

இன்னொரு ஆப்பிரிக்க நாடான மலாவியில் 2019 அதிபர் தேர்தலின் முடிவுத் தாள்களில் வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தார்கள். 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்து செய்ய, ஜூனில் நடந்த மறுதேர்தலில் எதிர்க்கட்சியின் சக்வேரா ஜெயித்தார்.