பதில் வராத கைப்பேசியும் படபடக்கும் நெஞ்சும்

கேள்வி: எனக்கு வயது 22. சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பாட்டியுடன் வசிக்கிறேன். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. தூங்கிவிடாமல் இருக்கத் தினமும் இரண்டு டின் எனர்ஜி டிரிங்க் குடிக்கிறேன். நான் விரும்பும் பெண்ணுக்கு வயது 20. தஞ்சோங் மாலிமில் படிக்கிறார். வாட்ஸ்அப்பில் நீலக்குறி விழுந்தும் பதில் வராவிட்டால் நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சு முட்டுகிறது. இ.சி.ஜி., தைராய்டு பரிசோதனை இரண்டும் சரியாக உள்ளன. அவருடைய கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்டதால் சண்டை வந்து, இரண்டு வாரமாக அவர் பேசவில்லை. சில இரவுகளில் விடியவே வேண்டாம் என்று தோன்றுகிறது. எனக்கு 8 வயதாக இருந்தபோது அம்மா வேலைக்காகச் சிங்கப்பூர் போய்விட்டார், அதுதான் காரணமா? கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார் பாட்டி. ஒரு நண்பர் இதயத் துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலோல் மாத்திரை தருவதாகச் சொல்கிறார். எனக்குச் சிறுவயதில் இழுப்பு (ஆஸ்துமா) இருந்தது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். விடியவே வேண்டாம் என்ற எண்ணம் உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குப் போயிருக்கிறதா, அதற்கான வழியை யோசித்திருக்கிறீர்களா என்பதைக் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. அப்படி இருந்தால் மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இப்போதே பாட்டியிடமோ அண்டை வீட்டாரிடமோ சொல்லி, அவர்கள் துணையுடன் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணையோ, மனத்துயரில் இருப்போருக்குச் செவிகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 என்ற எண்ணையோ அழைத்தும் பேசலாம். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் தோட்டத்துக் களைமருந்துகளையும் வேறொருவர் பொறுப்பில் வைக்கச் சொல்லுங்கள். இப்படி வாய்திறந்து சொன்னால் போலீஸ் வழக்காகிவிடும் என்று லயத்தில் யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

அடுத்து, உங்கள் இதயம். ஓடும்போதோ பந்து விளையாடும்போதோ படபடப்பு வந்தாலும், மயங்கி விழுந்திருந்தாலும், குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலும் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்நிலையில் எக்கோவும் (இதய ஸ்கேன்) 24 மணி நேர இதயப் பதிவும் தேவைப்படலாம். இவை எதுவும் இல்லையென்றால், நீங்கள் விவரிப்பது பதற்றத் தாக்குதலின் அச்சு அசலான உருவம். ஆபத்து என்று மூளை முடிவு கட்டியதும் அட்ரினலின் சுரந்து மூச்சு வேகமெடுக்கிறது. அந்த வேகத்தில் இரத்தத்திலுள்ள கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால்தான் விரல்நுனிகளும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன. சில நிமிடங்களில் அது உச்சத்தைத் தொட்டுத் தானாகவே இறங்கும். அதுவரை, நான்கு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் நேரம் விடுங்கள். எனர்ஜி டிரிங்கில் உள்ள காஃபின் இதே படபடப்பைத் தன் பங்குக்கும் கிளப்பும் என்பதால், இரண்டு டின்னை ஒன்றாக்கி, ஒரு வாரத்தில் நிறுத்திவிடுங்கள். தலைவலி வந்தால் அது சில நாள்களில் தணிந்துவிடும். நண்பர் தரும் புரோப்ரனலோல் உங்களுக்கு ஆகவே ஆகாது. இழுப்பு இருந்தவர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

இந்த வயதில் இது ஏன் இத்தனை உக்கிரமாக வருகிறது? அச்சத்தையும் ஆசையையும் கிளப்பும் மூளைப் பகுதிகள் பதின்ம வயதிலேயே முழு வேகம் பிடித்துவிடுகின்றன. அவற்றுக்குக் கடிவாளமிடும் மூளையின் முன்பகுதியும், இரண்டையும் இணைக்கும் நரம்புப் பாதைகளும் இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல், 18 முதல் 25 வயது வரையிலான காலத்தைப் பெரியவராக உருவாகிவரும் தனிப் பருவம் என்று பிரித்துக் காட்டினார். படிக்கவும் தேடவும் தடுமாறவும் அவகாசம் கிடைத்த வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே அது பொருந்தும் என்ற விமர்சனம் அவர்மீது உண்டு, அதில் நியாயமும் உண்டு. பள்ளி முடித்த கையோடு தொழிற்சாலைக்குள் நுழைந்து, சம்பளத்தில் பாட்டிக்கு மருந்து வாங்கும் ஒரு தோட்டத்துப் பையன் பொறுப்பில் நாற்பது வயதுக்காரராகவும் உணர்வில் இருபது வயதுக்காரராகவும் ஒரே உடம்பில் வாழ வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியை யாரும் பேசுவதில்லை. உளவியலாளர் எரிக் எரிக்சன், இந்தப் பருவத்தின் பெரும்பணி இன்னொருவரிடம் நெருக்கம் கொள்ளக் கற்பதே என்றார். நான் யார் என்பதற்கு ஓரளவேனும் விடை கண்டவருக்கே தன்னை இழந்துவிடுவோமோ என்ற பயமில்லாமல் அது கைகூடும் என்றும் அவர் கருதினார்.

உங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1987இல் சிண்டி ஹேசன், பிலிப் ஷேவர் என்ற இரு ஆய்வாளர்கள், குழந்தைக்கும் தாய்க்கும் இடையிலான பற்றைப் பற்றிய கருத்தைக் காதலுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். டென்வர் நகர நாளிதழ் ஒன்றின் வாசகர்களிடம் கேள்வி கேட்டு அவர்கள் நடத்திய கணக்கெடுப்பில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், தாம் நேசிப்பவர் விட்டுப் போய்விடுவாரோ என்று ஓயாமல் கலங்கும் வகையினராக இருந்தனர். ஆகவே நீங்கள் ஓர் அபூர்வப் பிறவி அல்ல. எட்டு வயதில் அம்மாவின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்த பிள்ளைக்கு, பதில் வராத அரை மணி நேரம் மற்றவர்களுக்கு இருப்பதைவிட நீளமாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அதை ஒரே காரணமாக்கி அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். அவர் எல்லை தாண்டிப் போய் அனுப்பிய பணத்தில்தான் நீங்கள் படித்திருப்பீர்கள். நம்பத் தகுந்த உறவுகள் பின்னாளில் அமைந்தால் இந்தக் கலக்கம் குறைவதை நான் என் கிளினிக்கில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. பால்மரம் (ரப்பர்) இருந்த காலத்தில் ஒரு தோட்டத்துக்கு ஆள் நிறைய வேண்டியிருந்தது. செம்பனைக்கு அத்தனை பேர் வேண்டாம். லயங்கள் காலியாகி, குடும்பங்கள் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளுக்குப் பெயர்ந்தபோது, ஓர் இளைஞனின் சுகதுக்கத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்த பந்துக் குழு, திருவிழாக் குழு, சாயங்காலம் கல்வெர்ட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டாளிகள் எல்லாரும் கலைந்துபோனார்கள். அந்தக் காலத்துத் தோட்டத்தில் சம்சுச் சாராயமும் சண்டையும் இருந்தன. அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்று நீங்கள் விடியற்காலையில் வேலை முடிந்து வரும்போது பாட்டி உறக்கத்தில் இருக்கிறார், பக்கத்து லயத்தில் பேச்சு மொழி தெரியாத வெளிநாட்டுத் தொழிலாளர்கள், கையில் கைப்பேசி. பத்துப் பேர் சுமந்த பாரத்தை இருபது வயதுப் பெண் ஒருவர் தூரத்திலிருந்து தனியாகச் சுமக்கிறார். அவர் தேர்வுக்குப் படிக்கும் அரை மணி நேரத்தில் உங்கள் உலகம் முழுவதும் மௌனமாகிவிடுகிறது. எனவே நான் எழுதித்தரும் முதல் மருந்து, வாரம் இரண்டு நாளேனும் நேரில் பார்த்துப் பழகும் மூன்று பேரைத் தேடிக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்டமானாலும் சரி, கோயில் திருப்பணியானாலும் சரி. இயன்றால் பகல் வேலைக்கு மாற்றித் தருமாறு மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். உறக்கம் கெட்ட மூளை சின்னச் சமிக்ஞையையும் பேராபத்தாக வாசிக்கும்.

கடவுச்சொல் கேட்டது பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: அது தவறு. பயம் உண்மையானது என்பதால் அவருடைய கைப்பேசிமீது உங்களுக்கு உரிமை வந்துவிடாது. கடவுச்சொல் கிடைத்திருந்தாலும் படபடப்பு ஒரு நாள்தான் அடங்கியிருக்கும். மறுநாள் அவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்கத் தோன்றும், அதற்கடுத்த நாள் யாருடன் பேசலாம் என்று விதிக்கத் தோன்றும். சோதித்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் சிறு நிம்மதி அடுத்த சோதனைக்கான ஏக்கத்தை வளர்க்கும். "நீ பதில் போடாதபோது எனக்குப் பயம் வருகிறது" என்பது ஒரு வாக்கியம், "ஏன் பதில் போடவில்லை, யாருடன் இருந்தாய்?" என்பது இன்னொன்று. முதல் வாக்கியத்தைச் சொல்ல ஆண்பிள்ளைகளுக்கு நாம் கற்றுத் தருவதில்லை.

பாட்டியின் யோசனையை மரியாதையோடு மறுக்கிறேன். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டப்படி 21 வயது நிறையாதவர் மணம் முடிக்கத் தந்தையின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பதற்றத்துக்குச் சிகிச்சையாக ஒரு பெண்ணைக் கட்டிவைப்பது அவருக்குச் செய்யும் அநீதி. பாட்டி உங்கள் கையில் கட்டிய மந்திரக் கயிறு ஏதும் இருந்தால், அது அங்கேயே இருக்கட்டும், அதனால் கெடுதலில்லை.

இந்த வாரத்திலேயே அரசாங்க கிளினிக்கிற்குச் செல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான் (ரிங்கிட்). மனச்சோர்வுக்கான வினாத்தாளைக் கேட்டு நிரப்புங்கள். இரண்டு வாரங்களாக நாளின் பெரும்பகுதி மனம் துவண்டோ எதிலும் நாட்டமின்றியோ இருந்ததா என்பதே அதன் மையக் கேள்வி. விடை எப்படியிருந்தாலும், எனக்கு எழுதிய அந்த வரியை அங்கிருக்கும் மருத்துவரிடமும் அப்படியே சொல்லுங்கள். தேவையானால் குடும்ப மருத்துவ நிபுணரிடமோ மனநல ஆலோசகரிடமோ அனுப்புவார்கள். பேராக்கில் பிறந்த எவருக்கும் "தஞ்சோங் ரம்புத்தான்" என்ற கேலி காதில் விழாமல் இருந்திருக்காது. 1911இல் தொடங்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனையின் பெயரை நாம் வசவாக்கிவிட்டதால், கிளினிக்கில் முடிய வேண்டிய சிகிச்சைக்குக்கூடப் பலர் வராமல் இருந்துவிடுகிறார்கள். உங்களுக்குத் தேவைப்படக்கூடியது சில வாரப் பேச்சுச் சிகிச்சையாகவே இருக்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். கடவுச்சொல் கேட்டது தவறு என்றும், இனிக் கேட்கப் போவதில்லை என்றும், பேசுவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம் என்றும் அதில் எழுதுங்கள். நீலக்குறி விழுந்ததா என்று பார்க்க முடியாதபடி அந்த வசதியைக் கைப்பேசி அமைப்பில் அணைத்துவையுங்கள். பதில் வராவிட்டால் பேருந்து ஏறித் தஞ்சோங் மாலிம் போய் விடுதி வாசலில் நிற்க வேண்டாம்.