குடல் புழு ஆக்சிஜன் இல்லாமல் எப்படி உயிர் வாழ்கிறது?

உணவை உடைத்துச் சக்தி எடுப்பதைத்தான் ஆற்றல் வளர்சிதை மாற்றம் என்கிறோம். நம் செல்கள் ஆக்சிஜனை வைத்து ஒரு குளுக்கோஸிலிருந்து சுமார் 30 ஏடிபி, அதாவது 30 சக்திப் பொட்டலங்கள், எடுக்கின்றன. குடலுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதனால் உருண்டைப்புழு குளுக்கோஸை அரைகுறையாக உடைத்து, சில பொட்டலங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அமிலங்களாக வெளியே தள்ளுகிறது.

வீண்தானே? நம் டெல்டாவின் தலைமடை வயலை நினைத்துப் பாருங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் யாரும் சொட்டுக் கணக்குப் பார்ப்பதில்லை, கடைமடைக்காரர்தான் பார்ப்பார். புழு குடியிருக்கும் சிறுகுடல், நம் சாப்பாட்டின் தலைமடை. எனக்குப் பெரிய வியப்பு என்னவென்றால், அதே புழுவின் முட்டை மண்ணில் ஆக்சிஜன் இருந்தால்தான் வளரும்.

அப்புறம், இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்பது சரியல்ல. மண்ணில் வளர்ந்த முட்டை கழுவாத கையோடோ காய்கறியோடோ வாய்க்குள் போனால்தான் இந்த உருண்டைப்புழு வரும்.