மயக்க மருந்து இல்லாமல் இதய ஸ்கேன் எடுக்க முடியுமா?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்ற இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் நடந்தது. இப்போது இதய எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமாம். பயந்த சுபாவம் என்பதால் மயக்கம் கொடுத்து எடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு மனசே வரவில்லை. என்ன செய்வது?
- ஒரு தாய், திருச்சி

பதில்: இந்த வயதில் பல குழந்தைகள் விழித்திருந்தே எடுத்துக்கொள்கிறார்கள், அம்மா. ‘ஒருமுறை முயன்று பார்க்கலாமா’ என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். இந்த ஆபரேஷன் ஆன பிள்ளைகளுக்கு நுரையீரல் வால்வு கசிந்து, இதயத்தின் வலது கீழறை விரிவடைவது உண்டு. அதை அளக்கத்தான் இந்த ஸ்கேன். வளர வளர மறுபடியும் எடுக்க வேண்டிவரும். அதனால் இந்த முதல் தடவைக்கு மெனக்கெடுவது வீண்போகாது.

சுமார் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். மெஷின் ‘டம்டம்’ என்று இடிக்கும். நடுநடுவே ‘மூச்சை விடு, அப்படியே நிறுத்து’ என்பார்கள். ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து விநாடி. இதைத்தான் வீட்டில் பழக்க வேண்டும். குகை போன்ற மெஷினுக்குப் பதிலாகச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுக்கவைத்து, ஸ்கேனில் நெஞ்சின் மேல் வைக்கும் கருவிக்குப் பதிலாகத் தலையணை வையுங்கள். எம்.ஆர்.ஐ. சத்தத்தை போனில் முதலில் மெதுவாக, பிறகு கூட்டி ஒலிக்கவிடுங்கள். நீங்கள் விரல்விட்டு எண்ண எண்ண அவள் மூச்சை நிறுத்தட்டும். முதல் நாள் ஐந்து வரை வந்தாலே போதும். சரியாக வராவிட்டாலும் கவலை வேண்டாம், சாதாரணமாக மூச்சு விட்டபடியே எடுக்கும் முறையும் உண்டு, நேரம்தான் கூடும்.

‘ஊசியே கிடையாது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். படம் தெளிவாகத் தெரியக் கொடுக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து தேவைப்பட்டால் கையில் ஊசி குத்துவார்கள். பொய் சொன்னது தெரிந்தால், அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் அவள் நம்பமாட்டாள். மரத்துப்போகும் க்ரீம் முன்கூட்டியே தடவ முடியுமா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

முடிந்தால் முன்னதாகவே ஸ்கேன் அறையைக் காட்டச் சொல்லுங்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். அதை அமுக்கினால் உடனே வருவார்கள் என்பதை டெக்னீஷியன் வாயாலேயே அவள் கேட்கட்டும். பக்கத்தில் நீங்கள் நிற்கலாமா என்பதையும் விசாரியுங்கள். மெஷின் பெரிய காந்தம் என்பதால் கொலுசு, அரைஞாண், தாயத்து, தோடு எல்லாம் அவளுக்கும், நீங்கள் பக்கத்தில் நிற்பதானால் தாலிக்கொடி, புடவைப் பின், ஹேர்பின் எல்லாம் உங்களுக்கும் வீட்டிலேயே கழற்றியாக வேண்டும். ஆபரேஷனில் வைத்த கம்பி, கிளிப் விவரம் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கட்டும்.

அன்றைக்கு அவளால் முடியாமல் போனால் திட்டாதீர்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். இதய நோயுள்ள குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய டாக்டர் இருக்கும் நாளாகப் பார்த்து வேறு தேதி வாங்குங்கள்.