துடைக்கும் முன் தகட்டைப் படியுங்கள்: பழைய வாக்யூம் கிளீனர் கேள்வி பதில்

கோவையில் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பழகிய கை என்னுடையது. மேற்கு லண்டனுக்கு வந்த பிறகு அந்தக் கை சும்மா இருக்கவில்லை. பழைய வாக்யூம் கிளீனர்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். என் கணக்குப்படி வீட்டில் 23 இருக்கின்றன. மனைவியின் கணக்கு 27. உதிரிப் பாகத்துக்காக வைத்திருக்கும் நான்கை நான் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஊட்டி: அண்ணா, இங்கே ஒரு தேயிலைத் தோட்ட பங்களாவைக் காலி செய்தபோது, காயலான் கடைக்குப் போகவிருந்த ஒரு ஹூவரைக் கேட்டு வாங்கினேன். நின்றபடி தள்ளும் வகை, துணிப்பை தொங்குகிறது. உருண்டை முள் பிளக். எந்த வருடத்து மெஷின் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிளக்கை மறந்துவிடுங்கள். பிரிட்டனில் ரொம்ப காலம் மெஷினுக்குப் பிளக் மாட்டி விற்கவே மாட்டார்கள். வாங்கியவர்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். கட்டாயம் மாட்டி விற்க வேண்டும் என்ற சட்டமே 1990-களில்தான் வந்தது. ஆகவே பிளக் உங்கள் பங்களாவின் கதையைச் சொல்லும், மெஷினின் கதையைச் சொல்லாது.

மெஷினைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் தகட்டைப் பாருங்கள். முதலில் ஊர். பெரிவேல் என்று இருந்தால் அது எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் செய்தது. அங்கே ஹூவர் தொழிற்சாலை 1930-களின் தொடக்கத்தில் வந்தது, அதனால் மெஷின் அதற்குப் பிந்தியதுதான். அந்த வெள்ளைக் கட்டடம் இன்றும் நிற்கிறது; பின்பக்கம் சூப்பர் மார்க்கெட், முன்பக்கம் அடுக்குமாடி வீடுகள். நார்த் கேன்டன், ஒஹாயோ என்றிருந்தால் அமெரிக்கச் சரக்கு. ஒருவேளை நியூ பெர்லின் என்று இருந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள்! அதே ஊர்தான் அது. முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயர் வேண்டாம் என்று 1918-இல் நார்த் கேன்டன் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பழைய பெயர் போட்ட தகடு ஊட்டியில் கிடைத்தால் நானே ரயில் ஏறி வருவேன்.

அடுத்தது காப்புரிமை எண்கள். அமெரிக்கத் தகடுகளில் வரிசையாக அச்சடித்திருப்பார்கள். அந்த நாட்டு எண் வரிசை 1911-இல் 10 லட்சத்தைத் தொட்டது, 1935-இல் 20 லட்சத்தை, 1961-இல் 30 லட்சத்தை. உங்கள் தகட்டில் இருப்பதிலேயே பெரிய எண் எதுவோ, அதற்கு முன் அந்த மெஷின் பிறந்திருக்க முடியாது. எத்தனை வருடம் கழித்துப் பிறந்தது என்பதை மட்டும் அந்த எண் சொல்லாது. பிரிட்டிஷ் எண்களுக்கு வேறு வரிசை, இந்தக் கணக்கை அங்கே போடாதீர்கள்.

தகடு அழிந்திருந்தால் வாயைப் பாருங்கள். உருளையில் தூரிகை மயிர் மட்டும் இல்லாமல், நடுவே உலோகப் பட்டைகளும் இருக்கின்றனவா? கம்பளத்தைத் தட்டித் தூசியைக் கிளப்பும் பட்டைகள் அவை. ஹூவரில் அந்த ஏற்பாடு 1926-இல் மாடல் 700-உடன் வந்தது. இன்னொன்று: 1942 வசந்தத்திலிருந்து போர் முடியும் வரை அமெரிக்காவில் வீட்டு வாக்யூம் கிளீனர் உற்பத்தியே கிடையாது. அமெரிக்க மெஷினை யாராவது '1944 மாடல்' என்று விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சென்னை: சார், மாமா அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த எலக்ட்ரோலக்ஸ் பரணில் கிடக்கிறது. நீளமான உருளை, அடியில் சறுக்குக் கட்டை மாதிரி இரண்டு. மேலே 'எக்ஸ் எக்ஸ் எக்ஸ்' என்று இருக்கிறது, பையன் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறான். அப்படியே சுவரில் செருகிப் பார்க்கலாமா?

செருகாதீர்கள்! அது 115 வோல்ட் மெஷின். நம்மூர் 230-இல் கொடுத்தால் ஓடும், அதுதான் ஆபத்து. சில விநாடி ஜெட் விமானம் போலக் கத்தும், கம்யூட்டேட்டரில் (கார்பன் உரசும் செம்பு வளையம்) நீலப் பொறி வளையம் போடும், அப்புறம் வார்னிஷ் கருகும் வாசனை. தகட்டில் 'ஏசி டிசி' என்று இருப்பதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். இரண்டு வகை மின்சாரத்திலும் அந்த மோட்டார் ஓடும் என்றுதான் அதற்கு அர்த்தம். வோல்டேஜ் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றில்லை. வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். தகட்டில் உள்ள வாட்டைப் போல் இரண்டு மடங்கு தாங்குவதாக இருக்கட்டும். ஷேவருக்கு விற்கும் குட்டிப் பெட்டி உதவாது.

பையனிடம் சொல்லுங்கள்: அது ரோமன் எண், 30. லூரெல் கில்ட் என்ற வடிவமைப்பாளர் வரைந்து 1937-இல் வந்த மாடல். ரயில் எஞ்சின் போல முன்பக்கம் குரோமியம் மின்ன, உடம்பில் தோல் மாதிரி உறை. அந்தச் சறுக்குக் கட்டைகள் சுவீடனில் 1921-இல் வந்த மாடல் ஐந்திலிருந்தே எலக்ட்ரோலக்ஸின் அடையாளம். இந்த வகையில் காற்று முதலில் பைக்குள் போய், வடிகட்டப்பட்ட பிறகு மோட்டார் வழியாக வெளியேறும். பையில் ஓட்டை இருந்தால் தூசி முழுக்க மோட்டாருக்குள்தான். ஓட்டும் முன் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

டொரன்டோ: அண்ணா, கராஜ் சேலில் ஒரு கிர்பி கம்பெனி வாக்யூம் கிளீனர் கிடைத்தது. சரியான பாரம். அலுமினிய உடம்பு மங்கிப்போய் இருக்கிறது. பாலிஷ் போடலாமா?

பூச்சு இல்லாத வெறும் அலுமினியம் என்றால் போடலாம், கண்ணாடி போல வரும். ஆனால் முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிர்பியில் ஒரு மாடலின் பாகம் இன்னொன்றில் பல நேரம் பொருந்திவிடும். பழுது பார்த்து விற்றவர்கள் ஒன்றின் தலையையும் இன்னொன்றின் கைப்பிடியையும் சேர்த்திருப்பார்கள். பையில் எழுதியிருக்கும் மாடல் பெயரை நம்பி விலை கொடுக்க வேண்டாம்.

எழுத்து இருக்கும் இடத்தில் எதையும் தேய்க்காதீர்கள். ஆரம்ப காலத்தில் எனக்கு ஒரு கிர்பி கிடைத்தது, மூக்கில் சிவப்பு எழுத்து ஒட்டு அழகாக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குகிறேன் என்று தின்னரை நனைத்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். துணி சிவப்பாகிவிட்டது. 60 வருடம் தாங்கிய எழுத்து, என்னிடம் ஒரு நிமிடம் தாங்கவில்லை. அன்றிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு, பழைய பல் துலக்கி, இவ்வளவுதான்.

மதுரை: எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் 'சீரீஸ் பல்பு போட்டுப் பார்த்துவிட்டால் போதும்' என்கிறார். போதுமா ஐயா?

பாதி போதும். குண்டு பல்பைச் சீரீஸில் போட்டு, ஒரு வயரை மோட்டார் முனையிலும் மற்றதை உலோக உடம்பிலும் வைத்தால் பல்பு எரியக் கூடாது. எரிந்தால் காயில் உடம்பைத் தொட்டுவிட்டது, மேலே பேச வேண்டியதில்லை. ஆனால் எரியவில்லை என்பதற்காக நல்லது என்றும் சொல்ல முடியாது. பல்புக்குத் தெரியாத சிறு கசிவு கைக்குத் தெரியும். காயில் கட்டும் கடையில், கசிவை அளக்கும் மெகர் என்ற மீட்டர் இருக்கும், 500 வோல்ட்டில் ஒரு முறை பார்த்துத் தரச் சொல்லுங்கள். அதற்கு முன் வயரை மாற்றுங்கள். துணி சுற்றிய வயரின் உள்ளே ரப்பர் பிஸ்கட் போல நொறுங்கியிருக்கும். கழற்றிய வயரைத் தூக்கிப் போடாமல் சுருட்டி மெஷினோடு வையுங்கள், அதுவும் ஒரு சாட்சி. பிரிட்டிஷ் மெஷின் என்றால் உள் வயரின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பு, கறுப்பு, பச்சை என்றால் 1970-க்கு முந்தைய வழக்கம். பழுப்பு, நீலம் என்றால் பிந்தியது, அல்லது யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

சிங்கப்பூர்: உருண்டைப் பந்து மாதிரி ஹூவர், சக்கரமே இல்லை. சக்கரம் தொலைந்துவிட்டதா?

தொலையவில்லை. அது கான்ஸ்டலேஷன். 1954-இல் வந்த வடிவம். அடுத்து வந்த மாடல்களில், வெளியேறும் காற்றையே அடியில் விட்டு, தரையிலிருந்து ஒரு மயிரிழை தூக்கி மிதக்கவிட்டார்கள். ஓடாதபோது கல் போல உட்காரும், சுவிட்சைப் போட்டால் குழாயை இழுத்த பக்கம் வழுக்கி வரும். 2000-களில் இதே வடிவத்தைத் திரும்பவும் விற்றார்கள், தகட்டைப் பாருங்கள்.

திருச்சி: அங்கிள், அப்பா 80-களில் டை கட்டிக்கொண்டு வீடு வீடாக யூரோகிளீன் விற்றவர். அவருடைய டெமோ மெஷின் இன்னும் இருக்கிறது. விலை போகுமா?

பெரிய விலை போகாது, விற்கவும் விற்காதீர்கள். யூரோகிளீனை விற்ற யுரேகா ஃபோர்ப்ஸ், 1982-இல் சுவீடன் எலக்ட்ரோலக்ஸின் கூட்டோடு தொடங்கிய நிறுவனம். வீட்டுக் கதவைத் தட்டி, சோபாவில் ஓட்டிக் காட்டி விற்கும் வழக்கத்தை எலக்ட்ரோலக்ஸ் ஐரோப்பாவில் 1920-களிலேயே பழகியிருந்தது. அதன் திருச்சிக் கிளை உங்கள் அப்பா! டெமோ பெட்டி, இணைப்புக் குழல்கள், ஆர்டர் புத்தகம், விசிட்டிங் கார்டு என்று எது இருந்தாலும் சேர்த்து வையுங்கள். முக்கியமாக, அவர் பேசி விற்ற வசனத்தை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். சேகரிப்பவர்களிடம் மெஷின் இருக்கிறது, அந்த வசனம் இல்லை.

கொழும்பு: சைக்கிள் பம்ப் போல நீளக் குழாய், அடியில் வாய். கரண்ட் இல்லை. இதுவும் வாக்யூம் கிளீனரா?

ஆமாம். இழுத்துத் தள்ளினால் தூசியை உறிஞ்சும். மின்சாரம் வராத வீடுகளுக்காக 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறைய வந்தன. அதற்குச் சற்று முன்தான், 1901-இல், ஹியூபர்ட் சிசில் பூத் லண்டனில் குதிரை இழுக்கும் வண்டியில் பம்பை வைத்து, ஜன்னல் வழியாகக் குழாயை விட்டு வீடுகளைச் சுத்தம் செய்தார். உங்களுடையது அந்தக் குதிரை வண்டியின் ஏழைத் தம்பி. உள்ளே தோல் வாஷர் காய்ந்திருக்கும், வற்புறுத்தி இழுக்காதீர்கள்.

லெஸ்டர்: முதன்முதலாக ஒன்று வாங்க எதைச் சொல்வீர்கள் அண்ணா?

ஹூவர் ஜூனியர். இங்கே ஏராளமாகக் கிடைக்கும், பெல்ட் இன்னும் விற்கிறார்கள், ஸ்க்ரூ டிரைவர் ஒன்றிருந்தால் முக்கால்வாசி கழன்றுவிடும். இதில் தூசி விசிறி வழியாகப் போய்த்தான் பைக்குச் சேரும், அதனால் வாங்கும் முன் கையால் சுற்றிப் பாருங்கள். கடகட என்றால் விசிறி இதழ் உடைந்திருக்கும். போன மாதம் ஒன்று அப்படித்தான் கடகடத்தது, மலிவாகக் கொடுத்தார்கள். திறந்தால் ஓர் இதழ் மூளி, பக்கத்தில் பழைய ஆறு பென்ஸ் காசு, 1962 என்று அச்சு. ஆக, 1962-க்குப் பிறகும் யாரோ அதை ஓட்டியிருக்கிறார்கள். விசிறியை மாற்றினேன். காசை ஒரு உறையில் போட்டு, மெஷினின் கைப்பிடியிலேயே கட்டி வைத்திருக்கிறேன்.