உப்பு தின்ற பழைய ட்ரக்கை வாங்கலாமா? அடியில் புதுக் கறுப்புப் பெயிண்ட் இருந்தால் வேண்டாம்

கேள்வி: பனி பெய்யும் ஊர்களில் பனியைக் கரைக்கச் சாலைக்கு உப்புப் போடுவதால் பழைய பிக்கப் ட்ரக்குகளின் அடிப்பாகம் துருப்பிடித்துவிடும் என்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

நீங்கள் கனடாவிலோ அமெரிக்காவின் வடக்குப் பக்கமோ இருக்கிறீர்கள், போய் ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருக்கும், கையில் இருப்பது கொஞ்சம், வண்டியின் விலை ஆசை காட்டுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். பனியையே பார்க்காத, காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூர்க்காரனுக்கு இதில் என்ன பேச்சு என்று யாராவது வருவார்கள். பனியைப் பார்த்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உப்பு தின்ற வண்டிக்கு முழுக் காசு கொடுத்தவன் நான்.

எனக்குப் பாத்திர வாடகைக் கடை. அண்டா, குண்டான், சாம்பார் வாளி, நாற்காலி எல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போகும். ஒவ்வொரு நடைக்கும் வாடகை வண்டி பிடித்துக் கட்டுப்படியாகாமல், 2019-இல் ஒரு செகண்ட் ஹேண்ட் பிக்கப் வாங்கினேன். 2,85,000 ரூபாய். கம்பெனி பேர் வேண்டாம், தப்பு கம்பெனியுடையது அல்ல. "அண்ணே, தேங்காய் லோடு மட்டும் ஏத்தின வண்டி, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார் புரோக்கர். அவர் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன்.

குனிந்து பார்க்கவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பார்த்தேன். அடிப்பாகம் முழுக்கப் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் போகிற வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பது ஊர் வழக்கம்தானே, அதனால் சந்தேகம் வரவில்லை. சொல்லப்போனால், நன்றாக வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன்.

ஏழாவது மாதம், ஒரு முகூர்த்த நாள். விடியற்காலை நாலு மணிக்குக் கானாடுகாத்தானுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போகிறோம். பெரிய பள்ளம்கூட இல்லை, சின்னக் குழிதான். பின்னால் இடது பக்கம் மடக்கென்று உட்கார்ந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்பிரிங் பட்டையைத் தாங்குகிற பிராக்கெட், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு தொங்குகிறது. பட்டறையில் மெக்கானிக் தம்பி ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினான், உள்ளே போய்விட்டது. "அண்ணே, இது இரும்பு இல்ல, அப்பளம்" என்றான். பின்னால் பலகையைக் கழற்றியபோது இடுக்கில் மீன் செதில். தேங்காய்க்கு ஏது செதில்? தொண்டி, ஜெகதாப்பட்டினம், எந்தக் கரையிலிருந்தோ வருடக்கணக்கில் மீன் ஏற்றிய வண்டி. பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீரும் கடல் தண்ணீரும் சொட்டிச் சொட்டி சேஸிஸை முடித்துவிட்டது.

அன்றைக்குக் காலை டிபனுக்குப் பாத்திரம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனது. வாடகையில் 4,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். தாமதம் என்னுடையது, அதற்கு நான் வாயே திறக்கவில்லை. ஆனால் திரும்பி வந்த பாத்திரத்தில் 11 கரண்டி குறைகிறது, இரண்டு ஜல்லிக்கரண்டி உட்பட. வீட்டுக்காரரைக் கேட்டால் சமையல்காரரைக் கேளுங்கள் என்கிறார், சமையல்காரர் வீட்டுக்காரரைக் கை காட்டுகிறார். லட்சக்கணக்கில் செலவு செய்து கல்யாணம் நடத்துகிறவர்கள் கரண்டிக்குக் காசு கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். இருபது வருடத்தில் போன கரண்டியையெல்லாம் சேர்த்தால் இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது வேறு ஒன்று. எங்கள் கடையிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் சிக்ரி இருக்கிறது, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த இடம். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதையே தொழிலாகப் படிக்கிறவர்கள் இருக்கும் ஊர். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார், தன் மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் பேச வந்தபோது என் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு விளக்கினார். உப்பு நேராக இரும்பைத் தின்பதில்லை. துருப்பிடிப்பது என்பது ஈரமும் காற்றும் சேர்ந்து நடத்துகிற குட்டி பேட்டரி வேலை. உப்புத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும், அதனால் அந்த வேலை வேகமாகிறது. இரும்பின் மேல் காப்பாக இருக்கிற மெல்லிய படலத்தையும் உப்பில் உள்ள குளோரைடு உடைத்துவிடும். போதாததற்கு உப்பு ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி மழையில் உங்கள் அம்மாவின் உப்பு ஜாடி கசிந்திருக்குமே, அதுதான் சேஸிஸ் மடிப்புக்குள்ளும் நடக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால், இரண்டு தகடு சேர்கிற இடத்தில் புகுந்தால் தகட்டையே நெம்பித் தள்ளிவிடும்.

உங்கள் ஊர் உப்பு இதைவிட மோசம் என்கிறான் மிச்சிகனில் இருக்கும் என் அக்கா மகன். சாதா உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது என்பதால் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு கரைசலையும் சாலையில் தெளிக்கிறார்களாம். அவை காற்று உலர்ந்திருந்தாலும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று, கடுங்குளிரில் துரு மெதுவாகத்தான் ஏறும். உப்போடு வந்த வண்டியைச் சூடான கராஜில் நிறுத்தினால்தான் வேகம் எடுக்கும். பெரிய கம்பெனி வண்டிகளும் இதற்குத் தப்பவில்லை. டொயோட்டாவின் டகோமா, டன்ட்ரா, செக்கோயா வண்டிகளில் சேஸிஸ் துருப்பிடித்ததற்காக அமெரிக்காவில் நடந்த வழக்கு 2016-இல் சமரசத்துக்கு வந்தது. சுமார் 15 லட்சம் வண்டிகள், 340 கோடி டாலர் வரை கணக்கு.

ஆகவே உங்களுக்கு என் பதில்: மேலே தெரிகிற சிவப்புத் துருவைப் பார்த்து ஓட வேண்டாம். துரு வெளியே தெரிகிற வண்டி உண்மையைச் சொல்கிறது. விற்பதற்கு முந்தின வாரம் கறுப்பு அடித்த வண்டிக்குத்தான் பயப்பட வேண்டும். சின்ன சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு போய் அடியில் படுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ராம்ப் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள், கிராஸ் மெம்பர் என்கிற குறுக்குச் சட்டம் சேருமிடம், டீசல் டேங்குக்கு மேல்பக்கம், பிரேக் பைப். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். தொப் என்று கேட்டாலோ பாளம் பாளமாக உதிர்ந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். தட்டவே விடமாட்டேன் என்று விற்கிறவர் சொன்னால் அப்போதும் வந்துவிடுங்கள். "வெல்டிங் வைத்துவிடலாம்" என்பார்கள். நானும் வைத்தேன், 48,000 ரூபாய். ஒட்டுப்போடுவதற்கு நல்ல இரும்பு தேடியே மெக்கானிக்குக் கால்வாசி சேஸிஸை வெட்ட வேண்டி வந்தது.

வாங்கிவிட்டால் குளிர்காலம் முழுக்க அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். ஆயில் மாதிரி ஊறுகிற கோட்டிங் நல்லது. ரப்பர் மாதிரிக் கெட்டியாக ஒட்டுவது விரிசல் விட்டால் உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்துவிடும். இங்கே நாங்கள் எரிந்த ஆயிலைத்தான் அடிக்கிறோம். அது மண்ணுக்குக் கேடு என்று எழுத வருகிறவர்களுக்கு: தெரியும், கேள்வி கேட்டவரை அதைப் பூசச் சொல்லவில்லை, நான் பூசுவதைச் சொன்னேன்.

வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு பேர் விலைக்குக் கேட்டு வந்தார்கள். முதலில் அடியில் படுத்துப் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள், எழுந்தார்கள், சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.