பறவையைப் பார்த்து வரைந்த சிறகுப் பொறிகள் ஏன் பறக்கவில்லை?

லியொனார்டோ டா வின்சி போன்றோர் வரைந்த, மனிதனே சிறகடித்து ஓட்டும் பொறிகள் ஏன் மேலெழவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் கவனிப்பில் பெரிய குறை இல்லை. வௌவாலின் சிறகைப் பார்த்து, மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தி, கைகால்களால் கயிறும் கப்பியும் இயக்கும் அமைப்புகளை 1480களிலேயே வரைந்தார். இன்றைக்கும் அந்த ஓவியங்கள் என்னை வியக்க வைக்கின்றன.

தடை நம் உடலில்தான் இருந்தது. பறவையின் மார்புத் தசை அதன் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. நமக்கு அந்த விகிதம் மிகக் குறைவு. உடலின் இயக்கத்தை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் பொரெல்லி 1680இல் வெளியான நூலில் இதைத் தெளிவாகவே சுட்டிக்காட்டினார். அளவும் எதிரிதான்: ஓர் உயிரை எல்லாப் பக்கமும் இரு மடங்காக்கினால் சிறகின் பரப்பு 4 மடங்காகும், எடையோ 8 மடங்காகிவிடும்.

ஜெர்மானியப் பறத்தல் முன்னோடி லிலியெந்தால் நாரைகளை ஆராய்ந்து, 1891 முதல் சிறகடிக்காமலே சறுக்கிப் பறந்தார். 1979இல் காஸமர் அல்பட்ராஸ் என்ற விமானம், மிதிக்கும் கால்களின் வலுவில் உந்துவிசிறியைச் சுழற்றி, ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது.

சிறகடிப்பும் கைகூடியது! டொராண்டோ பல்கலைக்கழகக் குழுவின் ஸ்நோபேர்ட் என்ற விமானம், 2010இல் காரால் இழுத்து மேலேற்றப்பட்டபின், மனித வலுவிலேயே நுனிக்கு நுனி 32 மீட்டர் நீண்ட சிறகுகளை அடித்து 19.3 விநாடிகள் பறந்தது.